வீட்டுக் காற்றுப் பதனி பராமரிப்பு

காற்றுப் பதனி என்பது மூடிய ஓர் இடத்தில் உள்ள காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் மனிதருக்கு இசைவான அளவில் வைத்திருக்க உதவும் பொறி ஆகும். பேச்சு வழக்கில் இது ஏசி என்றும், விளம்பரங்களில் குளிர்சாதனம் என்றும் அழைக்கப்படுகிறது. வீட்டுக் காற்றுப் பதனி பராமரிப்பு என்பது இப்பொறியைத் தூய்மையாகவும் பழுதின்றியும் வைத்திருப்பதற்காகக் குறிப்பிட்ட கால இடைவெளியில் செய்யப்படும் பணிகளைக் குறிக்கும். மின்சாரச் செலவைக் குறைப்பதற்கான வழியாகவே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. எனினும் அறையில் உறங்குவோர் சுவாசிக்கும் காற்றின் தரமும் இப்பணிகளையே சார்ந்துள்ளது.

தமிழ்நாட்டு வீடுகளில் இன்று மிகுதியாகக் காணப்படுவது ஸ்பிளிட் ஏசி எனப்படும் பிரிநிலை வகை ஆகும். இவ்வகை வெளிக்காற்றை அறைக்குள் கொண்டு வருவதில்லை. வெளியே ஓர் அலகும் உள்ளே ஓர் அலகும் இருப்பதால், வெளி அலகு புதுக் காற்றை இழுத்து உள் அலகின் வழியே அனுப்புகிறது என்று பலர் கருதுகின்றனர். இது தவறான கருத்தாகும். இரண்டு அலகுகளுக்கும் இடையே செல்பவை குளிர்பொருள் ஓடும் செப்புக் குழாய்களும் மின்கம்பிகளும் மட்டுமே. அறைக்குள் இருந்து வெளியேறுவது வடிநீர்க் குழாய் ஒன்றே. அறையில் ஏற்கனவே உள்ள காற்றே உள் அலகின் மேற்புறம் வழியாக இழுக்கப்பட்டு, குளிர்விக்கப்பட்டு, கீழ்ப்புறம் வழியாக மீண்டும் அறைக்குள் விடப்படுகிறது. ஒரே காற்று ஓர் இரவில் பலமுறை இப்பொறியின் ஊடாகச் சென்று வருவதால், பொறிக்குள் எது படிந்திருக்கிறதோ அதைத் தொட்டு வரும் காற்றையே அறையில் உள்ளோர் சுவாசிக்க நேர்கிறது.

வரலாறு

நவீன காற்றுப் பதனம் மனிதரின் வசதிக்காகத் தோன்றியது அன்று. 1902 ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்தில், ஈரப்பத மாற்றத்தால் காகிதம் விரிந்து சுருங்குவதைத் தடுக்க வில்லிஸ் கேரியர் வடிவமைத்த அமைப்பே இதன் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. காற்றுப் பதனம் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை 1906 இல் முதலில் பயன்படுத்தியவர் ஸ்டூவர்ட் கிரேமர். இவர் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பருத்தி ஆலைகளுக்காகப் பணியாற்றிய பொறியாளர். வறண்ட காற்றில் நூல் அடிக்கடி அறுந்து போவதே அவர் தீர்க்க முயன்ற சிக்கல்.

அதே சிக்கல் தென் தமிழகத்திலும் இருந்தது. பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936 இல் இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பின்னர் இராஜபாளையம் ஒரு நூற்பாலை நகரமாக வளர்ந்தது. நூற்பாலைகளின் நூற்புக் கூடங்களில் சார்பு ஈரப்பதம் பொதுவாக 55 முதல் 65 விழுக்காடு வரை பேணப்படுகிறது. இதற்காக அமைக்கப்படும் ஈரப்பதமூட்டும் நிலையத்தில் காற்று வடிகட்டப்பட்டு, நீர்த் தூவலில் கழுவப்பட்டு, வேண்டிய அளவு வெளிக்காற்றும் சேர்க்கப்பட்டுக் கூடத்துக்குள் செலுத்தப்படுகிறது. வடிகட்டிகளில் சேரும் பஞ்சை அகற்றுவது அங்கு அன்றாடப் பணி. ஆலையில் நூலுக்குக் கிடைக்கும் இக்கவனம், ஆலைத் தொழிலாளியின் வீட்டில் உறங்குவோரின் அறைக்கு எப்போதும் கிடைப்பதில்லை என்பது கருதத்தக்கது.

இயங்கும் முறை

பராமரிப்பு ஏன் தேவை என்பதை அறிய இதன் இயக்கத்தைச் சுருக்கமாக அறிதல் நலம். உள் அலகில் ஆவியாக்கி எனப்படும் குளிர்ச்சுருள் உள்ளது. இது செப்புக் குழாய்களின் மீது நெருக்கமாக அடுக்கப்பட்ட மெல்லிய அலுமினியத் தகடுகளால் ஆனது. குழாய்களுக்குள் ஓடும் குளிர்பொருள் ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை எடுத்துக் கொள்கிறது. பின்னர் அது வெளி அலகில் உள்ள கம்ப்ரசர் எனப்படும் அமுக்கியால் அழுத்தப்பட்டு, ஒடுக்கியில் வெப்பத்தை வெளியேற்றி மீண்டும் நீர்மமாகிறது.

குளிர்ச்சுருளின் மேற்பரப்பு அறைக்காற்றின் பனிநிலையை விடக் குளிர்ந்து இருப்பதால், காற்றில் உள்ள நீராவி அதன் மீது நீர்த்துளிகளாகப் படிகிறது. குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதை ஒத்தது இது. ஈரப்பதம் மிகுந்த நாட்களில் ஒன்றரை டன் பொறி மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் நீரைப் பிரித்தெடுக்கக் கூடும். (டன் என்பது இங்கு பொறியின் எடையைக் குறிப்பதன்று. ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தை அகற்றும் திறனே ஒரு டன். இது ஏறத்தாழ 3.5 கிலோவாட்டுக்குச் சமம்.) இந்நீர் சுருளின் அடியில் உள்ள வடிதட்டில் சேர்ந்து குழாய் வழியே வெளியேறுகிறது.

ஆகவே உள் அலகு என்பது இருளும் ஈரமும் ஒருங்கே அமைந்த ஒரு பெட்டி. இவற்றுடன் தூசும் சேருமாயின் பூஞ்சை வளர்வதற்கு வேண்டிய அனைத்தும் அங்கே கிடைத்து விடுகின்றன. அறைத் தூசில் துணி இழைகளும் மனிதத் தோலின் உதிர்வுகளும் கலந்துள்ளன. இவை பூஞ்சைக்கு உணவாகின்றன.

வடிகட்டி

உள் அலகின் முன்மூடியைத் தூக்கினால் கையில் எடுக்க வருவது நைலான் வலையாலான வடிகட்டி. பராமரிப்பில் வீட்டார் தாமே செய்யக்கூடிய முதன்மையான பணி இதனைக் கழுவுவதே. பயன்பாடு மிகுந்த மாதங்களில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கழுவுதல் பொதுவான பரிந்துரை. பொறியை நிறுத்தி, மின் இணைப்பைத் துண்டித்து, வலையை எடுத்து, தூசு படியாத பக்கத்திலிருந்து குழாய் நீரைச் செலுத்திக் கழுவ வேண்டும். தூசு படிந்த பக்கத்திலிருந்து நீரை அடித்தால் தூசு வலைக்கண்களுக்குள் மேலும் இறுகும். கொதிநீரும் வெயிலும் நைலான் வலையை வளைத்து விடுவதால், சாதாரண நீரில் கழுவி நிழலில் உலர்த்துவதே ஏற்றது. ஈரத்துடன் மீண்டும் பொருத்தக் கூடாது. வலை உலரும் வரை அவசரத்துக்கு அது இல்லாமலே பொறியை ஓட்டுவதும் தவறு. ஏனெனில் வலை தடுக்க வேண்டிய தூசு நேரே ஈரமான குளிர்ச்சுருளில் ஒட்டிக் கொள்ளும்; அங்கிருந்து அதை அகற்றுவது எளிதன்று.

வடிகட்டி அடைபட்டால் சுருளின் மீது பாயும் காற்று குறைகிறது. போதிய வெப்பம் கிடைக்காத சுருளின் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இறங்கி அதன் மீது பனிக்கட்டி உறைகிறது. பொறி நின்றதும் அப்பனிக்கட்டி உருகி, வடிதட்டில் அடங்காமல் சுவரில் வழிகிறது. உள் அலகிலிருந்து நீர் சொட்டுகிறது என்னும் முறையீடுகளில் பல இவ்வாறு தோன்றுபவையே. எரிவாயு குறைந்து விட்டது என்று கருதிச் செலவு செய்யும் முன்னர் வலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது நலம்.

இவ்வலை எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதையும் அறிய வேண்டும். முடி, பஞ்சிழை, பெருந்தூசு ஆகியவற்றை இது தடுக்கும். 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகள்களை இது தடுக்காது. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் என்பதை நினைவிற் கொண்டால் இதன் காரணம் விளங்கும். நுரையீரலின் ஆழம் வரை செல்பவை இந்நுண்துகள்களே. உலக சுகாதார அமைப்பு 2021 இல் வெளியிட்ட வழிகாட்டலில் இவற்றின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. இந்தியாவின் 2009 ஆம் ஆண்டுத் தர வரையறை 40 மைக்ரோகிராம். சில பொறிகளில் நுண்துகள்களுக்கென ஒரு சிறு கூடுதல் வடிகட்டி வைக்கப்படுகிறது. அத்தகையவை பெரும்பாலும் கழுவக் கூடியவை அல்ல. காலம் முடிந்ததும் மாற்றப்பட வேண்டியவை. சாதாரண காற்றுப் பதனியைக் காற்றுத் தூய்மிப்பியாகக் கருதுவது பொருந்தாது.

குளிர்ச்சுருளும் விசிறி உருளையும்

பொறியை இயக்கிய முதல் சில நிமிடங்களில் காயாத ஈரத்துணியின் வாடை வருமாயின், குளிர்ச்சுருளிலோ அதன் பின்னால் உள்ள நீண்ட விசிறி உருளையிலோ பூஞ்சை படிந்துள்ளது என்று கொள்ளலாம். தொழிலாளர்கள் இவ்வுருளையை புளோயர் என்பர். வெளித்திறப்பின் வழியே கைவிளக்கு ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தால் அதன் இதழ்களில் கருமையான படிவு தெரியும். வடிகட்டியை ஒழுங்காகக் கழுவும் வீடுகளிலும் இப்படிவு ஏற்படுவது உண்டு. சுருளைக் கடந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதுவது இவ்வுருளையின் மீதே என்பது இதற்குக் காரணம். ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் உள்ளோருக்குப் பூஞ்சை வித்துகள் இருமலையும் மூச்சிரைப்பையும் தூண்டக் கூடியவை. இரவில் மட்டும், அதுவும் பொறி ஓடும்போது மட்டும், குழந்தைக்கு வீசிங் வருமாயின் மருத்துவரிடம் காட்டுவதோடு இவ்வுருளையையும் பார்ப்பது பொருத்தமானது.

சந்தையில் டிரை சர்வீஸ், வெட் சர்வீஸ் என இருவகைத் தூய்மிப்புகள் வழங்கப்படுகின்றன. முன்னதில் வடிகட்டி கழுவப்பட்டு, தூசு ஊதியோ உறிஞ்சியோ அகற்றப்படும். பின்னதில் உள் அலகைச் சுற்றி நீர் சேரும் பை கட்டப்பட்டு, சிறு பம்பின் உதவியால் சுருளும் உருளையும் நீர் பாய்ச்சிக் கழுவப்படும். உடல்நலத்தின் நோக்கில் பயன் தருவது பின்னதே. கோடை தொடங்கும் முன் ஒருமுறையும், மிகுதியாகப் பயன்படுத்தும் வீடுகளில் கோடை முடிந்த பின் மறுமுறையும் இதனைச் செய்வது வழக்கம். கழுவி வெளிவரும் நீரின் நிறத்தைப் பார்ப்பவருக்கு இதன் தேவையை எவரும் விளக்க வேண்டியதில்லை. மின்பலகை நனையாமல் மூடப்படுவதை வீட்டார் அருகில் நின்று உறுதி செய்து கொள்ள வேண்டும். அமிலம், சலவைத்தூள், பிளீச்சிங் கரைசல் ஆகியவை அலுமினியத் தகடுகளை அரித்து விடும் என்பதுடன், அவற்றின் ஆவி அடுத்த பல இரவுகளுக்கு அறையிலேயே சுற்றும்.

பூஞ்சை வளர்வதைத் தாமதப்படுத்த ஓர் எளிய வழி உண்டு. குளிர்விப்பை நிறுத்தும் முன்னர், விசிறி மட்டும் இயங்கும் நிலையில் 20 முதல் 30 நிமிடங்கள் ஓடவிட்டால் சுருள் உலர்ந்து விடும். சுருளில் இருந்த நீர் மீண்டும் அறைக்காற்றில் கலப்பதால் சிறிது புழுக்கம் தோன்றும். எனவே காலையில் எழுந்த பின், சன்னலைத் திறந்து வைத்துக் கொண்டு இதனைச் செய்வது சிறந்தது. அண்மைக் காலப் பொறிகள் பலவற்றில் இவ்வேலையைத் தானாகச் செய்யும் அமைப்பு உள்ளது.

அறைக்குத் தேவையானதை விடப் பெரிய பொறியை வாங்குவதும் ஈரச் சிக்கலை உண்டாக்கும். அத்தகைய பொறி அறையை விரைவில் குளிர்வித்துவிட்டு நின்று விடுவதால், காற்றில் உள்ள ஈரத்தைப் பிரிக்கப் போதிய நேரம் கிடைப்பதில்லை. அறை குளிர்ந்தும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். நிலையான வேகத்தில் ஓடும் பழைய பொறிகளில் இக்குறை மிகுதி.

காற்றோட்டம்

பராமரிப்பு எவ்வளவு நன்றாக இருப்பினும், மூடிய அறையில் உள்ளோர் வெளியிடும் கரியமில வாயுவை இப்பொறியால் அகற்ற இயலாது. ஒரு கணக்கின் மூலம் இதனை விளக்கலாம். 10 அடி அகலமும் 12 அடி நீளமும் 10 அடி உயரமும் கொண்ட படுக்கை அறையின் கன அளவு 1200 கன அடி, அதாவது ஏறத்தாழ 34 கன மீட்டர். உறங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயுவை வெளியிடுவதாகக் கொண்டால், இருவர் 24 லிட்டரை வெளியிடுவர். காற்று சிறிதும் கசியாத அறையில் இதன் செறிவு மணிக்கு மணி 700 பிபிஎம் அளவுக்கு, அதாவது பத்து இலட்சத்தில் 700 பங்கு வீதம் உயரும். வெளிக்காற்றில் இவ்வாயு 420 பிபிஎம்மைச் சற்றே தாண்டிய அளவில் இருப்பதால், முதல் மணி நேர முடிவிலேயே 1100 பிபிஎம் கடந்து விடும். நடைமுறையில் கதவிடுக்கு வழியே காற்று கசியும். மணிக்கு அறைக் கொள்ளளவில் பாதி மாறுமாயின் செறிவு 1800 பிபிஎம் அளவில் நிலைபெறும்.

இவ்வளவு கரியமில வாயு நஞ்சு அன்று. எனினும் உள்ளகக் காற்று எந்த அளவுக்குப் பழையது என்பதற்கு இது அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. 1000 பிபிஎம் என்பது நல்ல காற்றோட்டத்துக்கான எல்லையாகப் பரவலாக எடுத்தாளப்படும் எண். காலையில் தலைபாரத்துடன் எழுவோர் பலர் குளிர்ச்சியைக் குறை கூறுவர். பெரும்பாலும் குறை குளிர்ச்சியில் இல்லை, கதவிடுக்கையும் துணி வைத்து அடைத்ததில் உள்ளது.

2020 ஆம் ஆண்டின் கோவிட்-19 பெருந்தொற்று இதனைப் பரவலாக உணர்த்தியது. அவ்வாண்டு சனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில் சன்னல் இல்லாத ஓர் உணவகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்திருந்த மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 10 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. அங்கிருந்த காற்றுப் பதனி அம்மூன்று மேசைகளுக்கு இடையே காற்றைச் சுழற்றியதும் இதற்குக் காரணம் என ஆய்வாளர்கள் கருதினர். ஊரடங்குக்குப் பின் பெரிய துணிக்கடைகளும் நகைக்கடைகளும் திறக்கப்பட்டபோது காற்றுப் பதனியை இயக்கக் கூடாது என்று தமிழ்நாடு அரசு நிபந்தனை விதித்தது. இந்தியக் குளிர்பதனப் பொறியாளர் சங்கமான இஷ்ரே 2020 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டலில் வெப்பநிலையை 24 முதல் 30 பாகை செல்சியசு வரையும், சார்பு ஈரப்பதத்தை 40 முதல் 70 விழுக்காடு வரையும் வைத்து, சன்னலைச் சிறிது திறந்து வைக்குமாறு கூறியது. 24 பாகை என்னும் எண் அதற்கு முன்னரே வேறொரு காரணத்தால் அறிமுகமாகியிருந்தது. மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்கில், 2020 சனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் நட்சத்திரக் குறியீட்டு அறைப் பதனிகள் 24 பாகையைத் தொடக்க நிலையாகக் கொண்டிருக்க வேண்டும் என ஆற்றல் திறன் செயலகம் வரையறுத்தது.

வீட்டில் செய்யக் கூடியது எளிது. உறங்கும் முன் அறையை ஒரு பத்து நிமிடம் முழுதாகத் திறந்து வைத்தல், இரவில் ஒரு சன்னலை விரலளவு திறந்து விடுதல், இணைந்த குளியலறையின் வெளியேற்று விசிறியை அவ்வப்போது ஓட்டுதல் ஆகியவை போதுமானவை. இதனால் மின்செலவு சிறிது கூடும் என்பது உண்மையே.

மூடிய அறையில் புகை

மூடிய அறையில் காற்று மாறுவதில்லை என்பதால், அங்கு எரிக்கப்படும் எதுவும் திறந்த அறையில் தரும் கேட்டை விட மிகுந்த கேட்டைத் தரும். கொசுவர்த்திச் சுருள் இதற்கு முதன்மை எடுத்துக்காட்டு. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களை ஆராய்ந்து 2003 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள்களின் நிறை 75 முதல் 137 வெண்சுருட்டுகள் வெளியிடுவதற்கு இணையானது எனக் கண்டது. சுருளின் புகை வலை வடிகட்டியைத் தடையின்றிக் கடந்து, அறையிலேயே சுழன்று, ஈரமான குளிர்ச்சுருளிலும் படிகிறது. கொசுவலையே இங்கு பாதுகாப்பான மாற்று.

சாம்பிராணி இடும்போது பயன்படும் கரிக்கங்கு இதனினும் கொடியது. புகை அடங்கிய பின்னரும் கனன்று கொண்டிருக்கும் கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளிவரும். இவ்வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குபவர் விழிப்பதற்கு எவ்வித எச்சரிக்கையும் தருவதில்லை. தூபக்காலை அறையிலிருந்து அகற்றி, அறையைத் திறந்து வைத்த பின்னரே பதனியை இயக்க வேண்டும். மின்வெட்டின்போது பெட்ரோல் அல்லது டீசல் மின்னாக்கியை மாடிப்படிக்கு அடியிலோ சன்னலுக்கு அருகிலோ வைத்து ஓட்டுவதும் இத்தகைய இடரையே விளைவிக்கும். தமிழ்நாட்டில் 2012 ஆம் ஆண்டை ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தில் வாங்கப்பட்ட சிறு மின்னாக்கிகள் பல வீடுகளில் இன்னும் உள்ளன.

குளிர்பொருள் கசிவு

குளிர்பொருள் முற்றிலும் மூடப்பட்ட சுற்றில் ஓடுவது. அது எரிந்தோ தேய்ந்தோ தீர்வதில்லை. ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டும் என்பது பராமரிப்பு அன்று. அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிவு உள்ளது என்பதே பொருள். கசிவைக் கண்டறிந்து அடைக்காமல் மேலும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகும்.

2018 அக்டோபரில் சென்னை கோயம்பேட்டில் ஒரு குடும்பத்தினர் மூவர் படுக்கை அறையில் இறந்து கிடந்தபோது, காற்றுப் பதனியின் வாயுக் கசிவு காரணமாக இருக்கலாம் என்று செய்திகள் வெளியாயின. அதன் பின்னர் இவ்வச்சம் பரவலானது. வேதியியல் கணக்கு வேறு கோணத்தைத் தருகிறது. ஒன்றரை டன் பொறியில் உள்ள குளிர்பொருளின் அளவு பொதுவாக ஒரு கிலோகிராமை ஒட்டியது. ஒரு கிலோகிராம் ஆர்-32 முழுவதும் மேற்கூறிய 34 கன மீட்டர் அறையில் கசிந்தாலும், அதன் பங்கு ஏறத்தாழ 1.4 விழுக்காடாகவே இருக்கும். ஆக்சிசன் 20.9 இலிருந்து 20.6 விழுக்காடாகக் குறையும். இக்குறைவினால் மட்டும் மூச்சுத்திணறல் ஏற்படாது. ஆகவே மூடிய அறை இறப்புகளில் கார்பன் மோனாக்சைடையும் தேடிப் பார்ப்பது இன்றியமையாதது. இதனால் கசிவு தீங்கற்றது என்று பொருளன்று. கசிந்த வாயு நெருப்பைத் தொட்டால் நச்சு வாயுக்களாகச் சிதையும். ஆர்-32 குறைந்த அளவில் தீப்பற்றக் கூடியது. ஆர்-290 என்பது புரோப்பேன்; எளிதில் தீப்பற்றும். இவ்வகைப் பொறிகளில் பயிற்சி இல்லாதவரைக் கொண்டு பற்றவைப்பு வேலை செய்விப்பது தவிர்க்கத் தக்கது. ஓசோன் படலத்தைக் காக்க ஏற்பட்ட 1987 ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையை அடுத்து ஆர்-22 படிப்படியாக ஒதுக்கப்பட்டதால், பழைய பொறிக்கும் புதிய பொறிக்கும் குளிர்பொருள் வேறுபடும். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் நிரப்பக் கூடாது.

வட்டாரச் சூழலும் பராமரிப்புக் காலமும்

பொறியுடன் வரும் கையேட்டில் உள்ள கால அட்டவணை எல்லா ஊர்களுக்கும் பொருந்தாது. விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வத்திராயிருப்பை அடுத்துள்ள வ. புதுப்பட்டி, திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய ஊர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி அமைந்தவை. தென்மேற்குப் பருவக் காலத்தில் மழையின் பெரும்பகுதி மலைக்கு அப்பால் பெய்து விட, இப்பக்கம் இறங்குவது வறண்ட மேல்காற்று. ஆனி, ஆடி மாதங்களில் இக்காற்று புழுதியை வாரி இறைக்கும். அப்போது வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவினாலும் மிகையன்று. வெளி அலகின் தகடுகளிலும் புழுதி அப்பிக் கொள்வதால் அதனையும் மென்மையான நீர்ப்பாய்ச்சலில் கழுவ வேண்டும்.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர் பெற்றது. விசைத்தறிகளுக்கு அருகில் உள்ள வீடுகளில் வலையில் சேர்வது புழுதியை விடப் பஞ்சிழையே. இதனை வலை நன்றாகவே தடுக்கும். அதனாலேயே விரைவில் அடைபடவும் செய்யும். பஞ்சுத் தூசை நெடுங்காலம் சுவாசித்த தொழிலாளர்களுக்கு பிசினோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வருவது அறியப்பட்ட ஒன்று. அத்தகையவர் உறங்கும் அறையில் வடிகட்டியை அடைபட விடுவது முறையன்று. வத்திராயிருப்பு வட்டாரத்தின் வயல்களில் அறுவடை நடக்கும் நாட்களிலும், தீபாவளி இரவிலும் சன்னலை மூடி வைத்து, மறுநாள் காலை காற்றோட்டம் தருவது பொருத்தம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிலை மாறுகிறது. வடகிழக்குப் பருவமழையால் ஈரப்பதம் உயரும். குளிர்ச்சி தேவைப்படாததால் பொறி வாரக்கணக்கில் நிறுத்தப்பட்டிருக்கும். ஈரம் காயாமல் நிறுத்தப்பட்ட பொறியில் பூஞ்சை தழைப்பது இக்காலத்திலேயே. ஆகவே மழைக்காலத்துக்கு முன் உள் அலகை நன்கு உலர்த்தி வைத்தலும், பங்குனியில் மீண்டும் இயக்கும் முன் நீர்ப்பாய்ச்சிக் கழுவுதலும் இவ்வட்டாரத்துக்கு ஏற்ற ஒழுங்காகும். பயன்படுத்தாத மாதங்களில் வெளி அலகுக்குள் அணில் கூடு கட்டுவதும் எலி கம்பிகளைக் கடிப்பதும் உண்டு. நகரங்களில் மாடப்புறா எச்சம் ஒரு தனிச் சிக்கல். உலர்ந்த எச்சத்தின் தூசு சிலருக்கு நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். எனவே அதனை நீரால் நனைத்த பின்னரே, மூக்கையும் வாயையும் மூடிக் கொண்டு அகற்ற வேண்டும்.

இவ்வூர்களில் கோடைக் காற்று வறண்டது என்பதால், நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் ஏர் கூலரும் நன்கு பயன்படும். அது வெளிக்காற்றை உள்ளே கொண்டு வரும் என்பது அதன் சிறப்பு. தேங்கும் நீரை மாற்றாமல் விடுவது அதன் குறை. மழைக்காலத்தில் அது பயன் தராது.

வடிநீர்

வடிநீர்க் குழாய் வெளிநோக்கித் தொடர்ந்து சரிவாகச் செல்ல வேண்டும். இடையில் தாழ்ந்து எழுந்தால் அங்கு நீர் தேங்கிப் பாசி படரும். குழாயின் வெளிமுனையில் குளவி மண்கூடு கட்டி அடைப்பதும் உண்டு. முனையில் சிறு கண்ணி வலையைக் கட்டுவது இதனைத் தடுக்கும். முனை வாளி நீருக்குள் மூழ்கி இருக்கக் கூடாது.

1976 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகர விடுதி ஒன்றில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டை ஒட்டிப் பரவிய நிமோனியா பலரின் உயிரைப் பறித்தது. இதற்குக் காரணமான லெஜியோனெல்லா பாக்டீரியம் அடுத்த ஆண்டில் கண்டறியப்பட்டது. பெரிய கட்டடங்களின் குளிர்விப்புக் கோபுர நீரில் இது பெருகக் கூடும். வீட்டுப் பிரிநிலைப் பதனியில் அத்தகைய கோபுரம் இல்லாததால் இவ்விடர் மிகக் குறைவு. தமிழ்நாட்டு வீடுகளில் வடிநீரால் வரும் உண்மையான இடர் டெங்கு ஆகும். டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு தெளிந்த, தேங்கிய நீரில் முட்டையிடுவது. முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் போதும். வெளிச்சுவரின் ஓரம் வைக்கப்பட்டு மறக்கப்படும் வடிநீர் வாளியும், குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டும், கூலரின் தொட்டியும் இதற்கு உகந்தவை. வாரம் ஒருமுறையேனும் இவற்றைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி உலர விட வேண்டும். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருப்பதால் நீரை மட்டும் கொட்டுவது போதாது.

வடிநீரில் உப்புகள் மிகக் குறைவு. ஆயினும் சுருளின் தூசும் நுண்ணுயிர்களும் சிறிதளவு உலோகமும் அதில் கலந்திருக்கும் என்பதால் குடிக்கவோ சமைக்கவோ ஏற்றதன்று. தரை துடைக்கவும் செடிகளுக்கு ஊற்றவும் பயன்படுத்தலாம். இன்வெர்ட்டர் மின்கலத்துக்கு இந்நீரை ஊற்றுவோர் உள்ளனர். காய்ச்சி வடித்த நீருக்கு இது ஈடாகாது. மின்கலத்தின் ஆயுள் குறையும்.